களஞ்சியம் சார்

“ஏங்க, ஜப்பார் பாய் தராசோட வந்து நிக்கிறாரு. இன்னைக்கு ஒண்ணு அந்த அலமாரி வெளிய போகணும், இல்ல நான் வெளிய போகணும்!”

ரோசலின் இடுப்பில் கைவைத்து நின்றாள். புது வாஷிங் மெஷின் பிரிக்காத பாலித்தீன் உறையோடு வராந்தாவில் கிடந்தது. அகரம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மெஷினை வைக்க வீட்டில் இருந்த ஒரே இடம் முன்பக்கத்துச் சின்ன அறை. அங்கே ஞானராஜின் அலமாரி நின்றது. அதற்குள் தடித்தடியாக இருபத்து நாலு கலைக்களஞ்சியப் புத்தகங்கள்.

“அடியே, அது அலமாரி இல்ல. அறிவு!” என்றார் ஞானராஜ்.

“அறிவைத்தான் அம்புட்டுப் பெரிய பூட்டாப் போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்களாக்கும்.”

பூட்டின் சாவி அவர் கழுத்தில், மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்ந்து தொங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்.

“கல்யாணமான புதுசுல, ஃப்ரிட்ஜ் வாங்கிட்டு வாரேன்னு மதுரைக்குப் போனாரு பாய் இந்த மனுசன்,” ரோசலின் பழைய பேப்பர் வாங்கும் ஜப்பாரிடம் முறையிட்டாள். “டை கட்டுன எவனோ பேசுன பேச்சுல மயங்கி, இதைத் தூக்கிட்டு வந்து நின்னாரு. அந்தக் கோடை பூரா நான் பானைத் தண்ணிதான் குடிச்சேன்.”

“நான் கிறுக்கன்தான், ஒத்துக்கிறேன்,” என்றார் ஞானராஜ். “ஊர்ல எல்லாரும் பைபிளைப் பார்த்துப் பிள்ளைக்குப் பேரு வச்சாங்க. நான் பதினெட்டாவது வால்யூமைப் பார்த்து ரூபின்னு வச்சேன். அதுக்காகக் கிறுக்கனுக்கு ஒரு மரியாதை கிடையாதா?”

மரியாதை இருந்தது என்னவோ உண்மை. தெருவே அவரை ‘களஞ்சியம் சார்’ என்றுதான் கூப்பிடும். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். செத்த நேரத்தில் விடையோடு வெளியே வருவார்.

மகள் ரூபி பெங்களூரிலிருந்து ஒரு டச் போன் வாங்கி அனுப்பியிருந்தாள். “புத்தகங்களுக்கு நடுவுல கிடக்கட்டும். அப்பவாவது அதுக்குப் புத்தி வருதான்னு பார்ப்போம்” என்று அதையும் அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். கையில் வைத்திருப்பது பழைய பட்டன் போன்தான்.

போன மாசம் பக்கத்து வீட்டு யோகேஷ் அவரைச் சீண்டிப் பார்க்க, “கோள் மொத்தம் எத்தனை சார்?” என்று கேட்டான். உள்ளே போய் வந்து, “எட்டுப்பா. புளூட்டோவைத்தான் தூக்கிட்டாங்களே!” என்றார். புத்தகம்னா புத்தகம்தான் என்று அவனே அசந்துபோனான்.

இப்போது அதே யோகேஷ் மதில்மேல் எட்டிப் பார்த்தான்.

“எதுக்கும்மா சண்டை? ஒரு போட்டி வச்சிருவோம். ஒரே கேள்வி. நான் போன்ல தேடுறேன், சார் புத்தகத்துல தேடட்டும். நான் முந்துனா அலமாரி வெளிய, மெஷின் உள்ள.”

“நான் முந்துனா?” என்றார் ஞானராஜ்.

“சாகுற வரைக்கும் அந்த அலமாரியைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். மாதா மேல சத்தியம்!” என்றாள் ரோசலின்.

“அப்படிப் போடு! பாய், நீங்களே கேள்வியைக் கேளுங்க,” என்றான் யோகேஷ்.

ஜப்பார் தராசைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நமக்குப் புத்தகத்துல தெரிஞ்சது எடை மட்டும்தான் சார். சரி, ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துல எத்தனை எலும்பு?”

ஞானராஜ் அறைக்குள் போய்த் தாழ் போட்டார். பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதே சமயம் பளீரென்று ஒரு மின்னல் வெட்டி, இடி இறங்கியது. தெரு முழுக்கக் கரண்ட் போனது. யோகேஷ் போனை உதறினான். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். மதில்மேலேயே ஏறி நின்று பார்த்தான்.

“போச்சு! டவரே இல்ல.”

ஜப்பார் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். “நமக்கும் இல்லப்பா.” ரோசலின் போனிலும் இல்லை.

“கேவலமா இருக்கும்மா,” என்றான் யோகேஷ். “டவர் போனா என் அறிவும் கூடவே போயிருது. பொண்டாட்டி நம்பர்கூட எனக்கு மனப்பாடம் கிடையாது. சார் ராசா மாதிரி உள்ள உக்காந்து பக்கத்தைப் புரட்டுறாரு. இடியே விழுந்தாலும் புத்தகத்துக்கு என்ன ஆகப்போகுது?”

ரோசலினுக்கு என்னவோ போலாகிவிட்டது. இத்தனை வருஷமாக இந்த மனுஷனை எம்புட்டு ஏசியிருக்கிறோம்! சாரல் அடித்து வாஷிங் மெஷின் நனைய ஆரம்பித்தது. நனைந்தால் நனையட்டும், சமையல்கட்டில் எப்படியாவது நெருக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது அவள் கண் கலங்கியது. ஜப்பார் தராசை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் கதவைத் தட்டினாள்.

“ஏங்க, நீங்க ஜெயிச்சிட்டீங்க. அலமாரி அங்கனயே இருக்கட்டும், இனி ஒண்ணும் சொல்லமாட்டேன். நிதானமாப் பார்த்து விடையைச் சொல்லுங்க. தெருவுல ஒருத்தர் போன்லயும் டவர் இல்ல.”

சட்டென்று தாழ் திறந்தது. வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்ற ஞானராஜ், நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

“அப்பாடா! எல்லாருக்குமே போயிருச்சா? ரூபி குடுத்த போன்தான் கெட்டுப்போச்சோன்னு நான் பயந்தே போயிட்டேன்!”