என்ஜினுக்குள் உப்பு

என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றிக் கவிழ்த்ததும், கறுத்த ஆயிலோடு கல் உப்பு கொட்டியது. சகாதேவன் ஒரு கல்லை எடுத்துத் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை.

"எவனோ வேணும்னே கொட்டியிருக்கான் அமுதா!"

எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் அவன் மனைவி அமுதவல்லி, எட்டிப் பார்க்கவில்லை. "மரக்காணத்துல காத்தே உப்புக் காத்துதானேங்க."

"காத்து வந்து மூடியத் தொறந்து கை கையா அள்ளிக் கொட்டுமா?"

அந்தப் பழைய அம்பாசடர்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. சுற்றுவட்டாரத்தில் பெண்ணழைப்பு என்றால் அதற்குத்தான் மாலை போடுவார்கள். போன வாரம் அனுமந்தைக் கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாளே கடகடவென்று இரைந்து நின்றுவிட, இப்போது வீட்டோரக் கொட்டகையில் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான். எப்போதும் ஹார்னை அடித்து உயிரை வாங்கும் மகள் இலக்கியாகூட வண்டிப் பக்கம் வரவில்லை. பிள்ளைக்கே மனசு விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

யார் செய்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதே கல்யாணத்தில், கிளம்பும் நேரத்தில் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கப் பார்த்தவன் கார்த்திகேசன். அவனும் வாடகைக் கார் ஓட்டுபவன். தொழில் பொறாமை, வேறென்ன?

கிரீஸ் கையோடு டீக்கடைக்குப் போனான்.

"டேய் கார்த்திகேசா! மோதணும்னா நேரா மோது. என் வண்டிக்குள்ள உப்பக் கொட்டுறியே, நீயெல்லாம் மனுஷனா?"

கார்த்திகேசனின் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உப்பளத்திலிருந்து டீ வாங்க வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஏம்பா உன் வண்டியத் தொடப் போறேன்?"

"நடிக்காதடா, திருட்டுப் பயலே!"

மாமனார் எழுந்து நடந்தார். கார்த்திகேசன் டம்ளரை வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி அவர் பின்னால் போனான். சகாதேவனுக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

அது சாயங்காலம் வரைதான். கார்த்திகேசன் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கே வந்தான்.

"பாண்டியில பழைய சாமான் கடையில பேரிங் கெடச்சிது. உன் வண்டிக்கு சரியா இருக்கும்." அவனாகவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேரிங் உட்காரும் கிராங்க் தண்டை நகத்தால் தடவிப் பார்த்தான். "பெருசா அடி வாங்கல. பாலிஷ் போட்டா போதும். வைகாசியில அத்தினி முகூர்த்தம் இருக்குது, வண்டிய நிக்க வைக்காத."

அமுதவல்லி நீட்டிய டீயை மட்டும், "வேணாம்மா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சகாதேவன் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான்.

"இவனையா அப்டி பேசிட்டேன்? நாளைக்கு அதே டீக்கடையில அவன் கால்ல உழுந்துடறேன் அமுதா. அப்பகூட இந்த மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல."

அமுதவல்லி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க போயி அவர அப்டி பேசுவீங்கன்னு நெனைக்கலைங்க. உப்பக் கொட்டினது நான்தான்."

"நீயா? நம்ம பொழப்புலயே மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"போனாப் போவுது. அன்னிக்கு நிக்கக்கூட முடியாம குடிச்சிட்டு வண்டிய எடுத்தீங்க. சாவியக் குடுத்துடுன்னு அவர் கெஞ்சினாராம். வழியில அந்த லாரிக்காரன் மட்டும் ஒதுங்கலன்னா..."

லாரியா? சகாதேவனுக்கு எந்த லாரியும் நினைவில் இல்லை.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது? நான் தனியாதானே வந்தேன்? இலக்கியாவக்கூட பொண்ணு வீட்டு வேன்ல ஏத்தி உட்டுட்டேனே!"

அமுதவல்லி அவன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லீங்க. உங்க பின்சீட்டுலதான் இருந்தா."