க்ளோயேவுக்கு ஓர் அறை

ரெட்டியார்பாளையத்தில் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தைப் பார்த்ததுமே மாக்சிம் தலையாட்டிவிட்டார். பார்வையில்லாத அவர் மனைவி எலிஸபெத்துக்காக, ஆர்க்கிடெக்ட் தமயந்தி அட்டையில் மாடல் செய்து கொண்டுவந்திருந்தாள்.

“பிரான்ஸ்ல இருக்குற உங்க பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் படம் அனுப்பட்டுமா சார்?”

“வேணாம்மா. க்ளோயே ரூம் மட்டும் பெருசா இருக்கட்டும்,” என்றவர், காபி போட அவசரமாக உள்ளே போனார்.

எலிஸபெத் ஒவ்வொரு சுவராகத் தடவிவந்து, மகளின் அறையில் விரலை நிறுத்தினார்.

“அவ அங்க செத்து மூணு வருஷம் ஆவுது,” என்றார் மெல்ல. “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு, அவ எழுதுனதா வாராவாரம் லெட்டர் படிச்சுக் காட்றாரு.”

தமயந்தி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். “அப்ப இந்த ரூமை எடுத்துடவாம்மா?”

“வேணாம். அவரு படிக்கிறப்பல்லாம் அவ வந்து பக்கத்துல நிக்கிறா. அவளுக்கும் எடம் வேணும்ல?”