டாலரில் வாங்கிய இயந்திரம்

அச்சகத்தின் இரும்புக் கதவு அகலத் திறந்திருக்கிறது. காலை வெயில் உள்ளே புகுந்து, இரண்டு வருடம் முன்பு டாலர் கடனில் வாங்கிய அச்சு இயந்திரத்தின் மேல் விழுகிறது. நான்கு பேர் அதற்கடியில் உருளைகளைச் செருகி நகர்த்த, தரை கீச்சிடுகிறது. மத்திய வங்கி அதிகாரி சுவரோரம் நிற்கிறாள். வெளிநாட்டுப் பணம் நாட்டுக்குள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தபோது, "டாலர்லயே கடன் வாங்குங்க அத்தான், வட்டி கம்மி, பயமே வேண்டாம்" என்று அச்சகம் நடத்தும் அக்கா கணவரிடம் சொன்னவள் அவள்தான். அந்தப் பணம் போன மாதம் ஒரே வாரத்தில் கிளம்பிப் போனது. உள்ளூர் நாணயத்தின் மதிப்பு சரிந்தது. அத்தானின் கடன் இருந்த இடத்திலேயே வீங்கியது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடனை அடைக்க விற்கும் இயந்திரத்தை வாங்க வந்தவரிடம், "என் மச்சினி, மத்திய வங்கியில பெரிய அதிகாரி" என்று பெருமையாகவே சொல்கிறார். வந்தவர் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "நம்ம நாணயம் மறுபடி ஏறுமாங்க?" என்று கேட்கிறார். "சொல்லும்மா, உனக்குத் தெரியாததா?" என்கிறார் அத்தான். அவள் முகம் கன்றிப்போகிறது. போய்க் குனிந்து, இயந்திரத்தின் ஒரு மூலையைத் தள்ளுகிறாள். எண்ணெய்ப் பிசுக்கு மணிக்கட்டு வரை ஏறுகிறது. "விடும்மா, உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று அத்தான் மெதுவாக அவள் கையை விலக்கிவிட்டு, அந்த மூலைக்குத் தன் தோளைக் கொடுக்கிறார்.