எக்கோ வராத அம்பிளிபையர்

“மூன்றாந்தரம் அண்ணை! மூன்றாந்தரமும் எக்கோ இல்லை!”

கனிசியஸ் மடியிலிருந்த கிற்றாரை இறக்காமலே கத்தினான். பின்வளவில் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்ததால் எல்லோருமே கத்தித்தான் கதைக்கவேண்டியிருந்தது.

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் மார்க்கண்டுவின் ரேடியோத் திருத்தும் கடை. நமசிவாயம் தன் ரேடியோவைச் சைக்கிள் டைனமோவில் பாடவைக்கக் கொண்டுவந்து, வாங்குப் பலகையில் காத்திருந்தார். ஊரில் கரண்ட் நின்று இரண்டு வருடம். ஜெனரேற்றருக்கு ஊற்றிய அரைப் போத்தல் மண்ணெண்ணெய்கூட கனிசியஸ் கொண்டுவந்ததுதான். சோதித்துப் பார்க்க வருகிறவன் எண்ணெயோடு வரவேண்டும் என்பது அந்த நாளில் எழுதாத சட்டம்.

வேலை இதுதான். சண்டையால் கொழும்புப் பாதை பூட்டுமுன் ஜெர்மனியிலிருந்து கனிசியஸின் தமையன் அனுப்பிய ஒரு பெட்டி. கிற்றாரின் சத்தத்துக்கு எக்கோவும் இன்னும் பத்து வித்தையும் சேர்க்கும். அதைப் பழைய வால்வ் அம்பிளிபையரின் முன்பக்கத்தில் கொழுவினால் சத்தம் கூழாகிவிடுகிறது. ஆகவே அம்பிளிபையரை நடுவிலே வெட்டி, சத்தத்தை ஒரு வயரால் வெளியே எடுத்துப் பெட்டிக்குள் விட்டு, இன்னொரு வயரால் திரும்ப உள்ளே கொண்டுவரவேண்டும். கைதேர்ந்தவனுக்கு அரைநாள் வேலை. மார்க்கண்டு ஒரு மாதமாக மாரடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கால் தட்டும் தம்பி.” மார்க்கண்டு பெட்டியின் குமிழை முழுதாகத் திருப்பிவிட்டார்.

கனிசியஸ் ஒரு தந்தியைத் தட்டிவிட்டுத் தலையைச் சரித்துக் காத்திருந்தான்.

“இல்லை. சும்மா ‘டங்’ எண்டுது, அவ்வளவுதான். வயரை மாறிக் கொழுவியிருக்கிறியளோ?”

“இருக்கும்.”

“இருக்குமோ? பொம்மர் வந்து குண்டு போட்டு எங்கடை வீட்டுச் சுவர் விழுந்த அண்டைக்கும் உந்த அம்பிளிபையருக்கு ஒண்டும் நடக்கேல்லை. உம்மடை கை பட்ட பிறகுதான் உந்தச் சீத்துவம்!”

மரியாதை ஒரு படி இறங்கிவிட்டது.

“ஞாயிற்றுக்கிழமை கோயில் பெருநாளுக்கு மேடையிலை வாசிக்கவேணும். அடைக்கலநாதன் மாஸ்ரர் கேக்க வாறார். பிடிச்சால் தன்ரை இசைக்குழுவிலை சேர்ப்பார். எனக்கு வேறை என்ன இருக்கு, சொல்லும்? படிப்பில்லை. தோட்டமில்லை. உது ஒண்டுதான்.”

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

மார்க்கண்டு போய் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு வந்தார். அம்பிளிபையரின் முதுகைக் கழற்றி, பெரிய கண்ணாடி வால்வைச் சீலைத் துண்டால் பிடித்து உருவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கனிசியஸை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த கணம் அது சீமெந்துத் தரையில் சுக்குநூறாகக் கிடந்தது.

“ஐயோ!”

“சூடு தம்பி. கை தவறிப் போச்சு.”

“வேறை வால்வ்?”

“இல்லை. கொழும்பிலை இருந்துதான் வரவேணும். பாதை திறந்தால் பாப்பம்.”

பாதை எப்போது திறக்கும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியும்? கனிசியஸ் குந்தியிருந்து கண்ணாடித் துண்டுகளையே பார்த்தான். பிறகு அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை. அழுது முடித்து, கிற்றாரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினான்.

“நீ நல்லா இருக்கமாட்டாய். உன்னாலைதான் என்ரை சீவியம் போச்சு. ஊர் முழுக்கச் சொல்லுவன்.”

அவன் சைக்கிள் ஒழுங்கை திரும்பி மறைந்ததும் நமசிவாயம் பிடித்துக்கொண்டார்.

“வெக்கமில்லையோ மார்க்கண்டு? தெரியாத வேலையை ஏன் எடுத்தனி? சூடாம், கை தவறினதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்! என்ரை ரேடியோவைத் தா, நான் வேறை ஆளிட்டைக் குடுக்கிறன்.”

மார்க்கண்டு ரேடியோவை எடுத்து நீட்டினார். நமசிவாயத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“எனக்கு உந்தக் கிற்றார் ஒண்டும் தெரியாது. எனக்கே உன்ரை வேலையின்ரை லட்சணம் விளங்கிச்சுது. அவன் ஒருக்கால் தட்ட, கிணத்துக்குள்ளை கூப்பிட்ட மாதிரி நாலைஞ்சு தரம் திரும்பித் திரும்பி வருகுது. உந்தப் பிழையை எண்டாலும் முதல் திருத்தியிருக்கலாமே?”

“அது பிழையில்லை அண்ணை,” என்றார் மார்க்கண்டு. “அதுதான் எக்கோ.”

நமசிவாயம் ரேடியோவைத் திரும்ப வாங்கில் வைத்தார்.

“முதல் நாளே வந்திட்டுது. முழுக்கத் திறந்துவிட்டும் அவனுக்குப் பிடிபடேல்லை. குண்டு விழுந்ததோடை காது போயிட்டுது. பக்கத்திலை நிண்டு பலத்துக் கதைச்சால்தான் ஏறுது. மெல்லிய சத்தம் ஒண்டும் இனி அவனுக்கு இல்லை.”

“அப்ப… அந்த வால்வ்?”

“ஞாயிற்றுக்கிழமை அவன் மேடையிலை நிண்டு, எக்கோ இல்லை எண்டு குமிழைத் திருகிக்கொண்டு நிக்க, அவ்வளவு சனமும் சிரிக்கும். அதிலை வைச்சோ அவன் அறியவேணும்?”

“உன்ரை கடைக்கு இனி ஆர் வருவினம், விசரா?”

மார்க்கண்டு குந்தியிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“எண்டைக்கோ ஒருநாள் அவனுக்குத் தெரியத்தான் போகுது அண்ணை. அதுவரைக்கும் திட்டட்டும். என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறவரைக்கும் அவன் தன்ரை காதைப் பற்றி யோசிக்கமாட்டான்.”