ஒரு நிமிட மருந்து

வேதியியல் ஆய்வாளர் ஊசிக்குழாயோடு ஓடிவந்தார்.

“சீக்கிரம் போடுங்க நர்ஸ். ஒரு நிமிஷம் தாண்டினா இது வெறும் தண்ணி மாதிரிதான்.”

கடுங்குளிரில், காந்தத்துக்குள் உறையவைத்து, ஸ்கேன் திரையில் தெரியும் சிக்னலைப் பல்லாயிரம் மடங்கு ஏற்றி, இப்போதுதான் உருக்கிய கரைசல் அது. நர்ஸ் அதை ஸ்கேனரில் படுத்திருந்த பெண்ணின் கையில் ஏற்றினாள்.

“அக்கா, மூச்சை இழுத்துப் பிடிங்க.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அப்போதுதான் வந்து உட்கார்ந்த டாக்டர் திரையைப் பார்த்தார். கறுப்பில் ஒரு புள்ளி மெல்லச் சிவந்து, தணல் போல் எரிந்தது.

“சிறுநீரகத்துல கட்டின்னு சந்தேகப்பட்டோம்ல? கட்டியேதான். எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க. ஜெயிச்சுட்டீங்க சார்.”

பக்கத்தில் வந்து நின்ற ஆய்வாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? எத்தனை வருஷ உழைப்பு இது.”

அதற்குள் கதவைத் திறந்து வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“டாக்டர், நோயாளி வந்து வெளியே காத்துக்கிட்டு இருக்காங்க. அனுப்பட்டுமா?”

டாக்டர் திரும்பினார். “அப்போ உள்ளே படுத்திருக்கறது யாரு?”

“மருந்தை முதல்ல நோயில்லாத ஒருத்தருக்குப் போட்டுப் பார்க்கணும்ல டாக்டர்...” ஆய்வாளர் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். “வர்றேன்னு சொன்னவர் கடைசி நேரத்துல வரல. அதான்...”

உள்ளிருந்து ஸ்பீக்கரில் குரல் வந்தது.

“என்னங்க, மருந்து வேலை செஞ்சுதா? வீட்டுக்குப் போலாமா?”