சுவரைப் பார்த்த நாற்காலி

"உங்க தங்கச்சி பண்றது உங்களுக்கே நல்லா இருக்கா?"

சாப்பிட உட்கார்ந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்ன பண்ணிட்டா?"

"மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசந்தா போதும், நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துக்கறா. எழுந்து பார்த்தா முதுகுதான் தெரியுது."

"தூங்கறவளுக்கு யார் முகம் தெரிஞ்சா என்ன, முதுகு தெரிஞ்சா என்ன?"

ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது! காது கேட்காதவர்களிடையே முகத்தைத் திருப்பிக்கொள்வது, மூஞ்சியில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவதற்குச் சமம். சைகை மொழி வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம்.

போதாததற்கு, இந்த வெக்கையில் தூங்குகிறவளைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி வேறு விடுகிறாள். வெந்து சாகட்டும் என்று எண்ணம் போலிருக்கிறது.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டவள் இல்லை. கை மட்டும் ஓயாது. ஆனால் சாப்பாடு, தண்ணீர், தூக்கம், இந்த மூன்றுக்கு மேல் அந்தக் கை பேசுவது வீட்டில் ஒருவருக்கும் புரியாது. கல்யாணமாகி வந்த அண்ணிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். பிள்ளைகள் தலையெடுத்ததும், மொழிபெயர்ப்பாளர் பயிற்சியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

"இந்த வயசுல பையைத் தூக்கிக்கிட்டு வகுப்புக்கா?" என்று உறவெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும், பல் சுளுக்கிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அங்கே விதிகள் இரண்டே இரண்டு. யார் பேசினாலும் 'நான்' என்றே மொழிபெயர்க்க வேண்டும். டாக்டர் பேசினால் நான் டாக்டர், நோயாளி பேசினால் நான் நோயாளி. சொந்த 'நான்' வாசலில் செருப்போடு கிடக்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, விழுங்கவும் கூடாது.

இன்னொன்று, அறையில் நடந்தது அறையோடு. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போனபோது பார்த்த எதையும் மூச்சுவிடக் கூடாது. விட்டால் சான்றிதழ் கிடையாது. அங்கே வருகிற காது கேளாதவர்களில் பாதிப் பேர் வாயாடியின் தோழிகள் என்பதுதான் வேடிக்கை.

"அதான் விஷயமே," என்றாள் மாடி வீட்டு அக்கா. "தோழிங்க கதையை நீ சொல்ல மாட்டேங்கறல்ல? மூக்குக்கு மேல கோபம் வந்திருச்சு அவளுக்கு."

இருக்கும், இருக்கும்.

அண்ணிக்குக் கனவுகூட இப்போதெல்லாம் சத்தமில்லாமல்தான் வருகிறது. நீண்ட ஆஸ்பத்திரித் தாழ்வாரம், தண்ணீருக்கு அடியில் இருப்பது போன்ற வெளிச்சம். பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருப்பவர்களின் கைகள் மெதுவாக எழும்பி எழும்பித் தணிகின்றன. யாருக்கும் குரல் இல்லை. ஆனால் எல்லாமே புரிகிறது. இவளும் மிதந்தபடியே ஒவ்வொருவருக்காகப் பெயர்த்துக்கொண்டு போகிறாள். அப்படி ஒரு நிம்மதி.

விழித்தால், எதிரே அந்த முதுகு.

இறுதித் தேர்வன்று வாயாடியும் கூட வர வேண்டியிருந்தது. நீண்ட மேஜைக்குப் பின்னால் வகுப்பு டீச்சரும், சைகையில் ஓர் எழுத்துகூடத் தெரியாத தேர்வுக்குழுத் தலைவரும்.

"வீட்டுல காது கேளாதவங்க இருந்தா அவங்களை உங்களைப் பத்தி ஒரு கேள்வி கேட்போம்," என்றார் தலைவர். "அவங்க பதிலை நீங்களே பெயர்த்துச் சொல்லணும்."

"என்னைப் பத்தி நானேவா சார்?"

"உங்களுக்கென்ன வந்தது? நீங்கதான் இந்த ரூம்லயே இல்லையே!"

டீச்சர் சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆஸ்பத்திரி விஷயம் எதையாவது உங்க அண்ணி உங்ககிட்ட சொன்னதுண்டா?" என்று கேட்டார் தலைவர்.

அண்ணியின் கை கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாயாடி அண்ணியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

கை சொன்னது அண்ணிக்குப் புரிந்தது. அடிப்பாவி! 'நான் ஒருநாளும் சொன்னதில்லை' என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த 'நான்' வாசலில் கிடந்தது.

"சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க," என்று குரல் கொடுத்தாள்.

தலைவர் பேனாவை எடுத்தார். "எப்போ?"

"மத்தியானத்துல. தூங்கும்போது."

"தூக்கத்துல உளறுவாங்களா?"

"அவங்க வாய் உளறுமோ என்னமோ, அது எனக்குக் கேட்காது. கை பேசும். 'டாக்டர் சொல்றார்'னு ஆரம்பிக்கும்."

தன் வாயாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டு அண்ணி நின்றாள். வகுப்புக்குப் போன நாளெல்லாம் கண் முன்னே கரைந்துகொண்டிருந்தது.

"தன்னைக் கவிழ்க்கிற பேச்சையும் ஒரு சொல் விழுங்காம பெயர்க்கறாங்க சார்," என்றாள் டீச்சர் மெல்ல.

"அது சரி டீச்சர். ஆனா ரகசியம் வெளியே போயிருக்கே?" தலைவர் வாயாடியின் பக்கம் திரும்பினார். "அப்புறம்? டாக்டர் என்ன சொன்னாராம்?"

வாயாடியின் கைகள் அசைந்தன. அண்ணி வாயைத் திறந்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும் சார்? அதுக்குள்ள நான்தான் அந்தக் கையைப் போர்த்திவிட்டுட்டு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்குவேனே. தூங்கறவங்க பேசறதை ஒட்டுக் கேட்கலாமா?"