முப்பத்திரண்டு டிகிரி

குகன் தன் மனைவி ஷாந்தினியின் மணிக்கட்டைப் பிடித்து, முழங்கைவரை கண்ணாடிப் பெட்டிக்குள் திணித்தான்.

குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அவ்வளவுதான் காரணம். போன வாரம் காரணமே இல்லை.

"கடிக்காது லா. என் புள்ள ஒன்ன மோந்துகூடப் பாக்காது."

புள்ளை என்றது மலைப்பாம்பை. அலோர் காஜாவில் அவர்கள் இருந்த வாடகை வீட்டு ஹாலில் நல்ல இடம் அதற்குத்தான். ஷாந்தினிக்குக் காய்ச்சல் அடித்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காத மகராசன், வேலை விட்டு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைக் குனிந்து பார்ப்பான். முப்பத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும்.

அவளை அவன் அடிக்க மாட்டான். அடித்தால் தடம் விழும், அவள் அண்ணன் கேள்வி கேட்பார். அதனால்தான் இந்தப் பெட்டி.

பாம்பு பாய்ந்தது.

கட்டைவிரலுக்குக் கீழே கவ்விய பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. மறு மூச்சுக்குள் முன்கையைச் சுற்றி இறுக்கியது. அதன் பற்கள் உள்பக்கம் வளைந்தவை. குகன் பதறிப்போய் இழுக்க இழுக்க அவள் சதை கிழிந்தது. கண்ணாடியெல்லாம் ரத்தம். அவள் அலறினாள். அவன் அவளைவிடச் சத்தமாக அலறினான்.

வினிகர் போத்தலைக் கொண்டுவந்து அதன் வாயில் ஊற்றிய பிறகே பிடி விட்டது.

கையைக் கழுவச் சொல்லிக் கெஞ்சினான். அவள் கழுவவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட, மறு கையால் போனை எடுத்துப் படம் பிடித்து, புலாவ் செபாங்கில் இருக்கும் அண்ணன் கணேஸ்வரனுக்கு அனுப்பினாள்.

அவரிடம் எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"ஒரு கீறல்கூட இல்லயே மா. மாப்பிள்ள சும்மா வெளாட்டு காட்டுறாரு லா."

பிறகு அவரே காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அவர்மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம் குகன்மேல்கூட இல்லை.

இந்த முறை உடனே பதில் வந்தது. புறப்பட்டுவிட்டாராம். துணியை எடுத்து வைக்கச் சொன்னார்.

இதுவரை கீறல் எப்படி விழுந்திருக்கும்? தினமும் மத்தியானமே அவள் பெட்டியைச் சூடாக்கும் விளக்கை அணைத்து, ஏர்கோனை அதன் பக்கம் திருப்பிவிடுவாள். குளிரில் பாம்பு மரத்துப்போகும். வாசலில் குகனின் மோட்டார் சத்தம் கேட்டதும் ஏர்கோனை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுவாள். விளக்கடியில் இருக்கும் வெப்பமானி சட்டென்று ஏறிவிடும். பாம்பின் உடம்பில் சூடு ஏற நேரமாகும். அதற்குள் அவள் கை உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

இன்று காலையிலேயே துணிமணிகளைப் பையில் அடுக்கி வைத்தாள்.

விளக்கை அணைக்கவில்லை.